சார், இது டிவியா? – ஆஸ்டிராய்ட்ஸ் எந்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டிவி, ரேடியோ பழுது பார்த்து வருகிறேன். கடையின் பின்கட்டில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று நிற்கிறது. அது 1979 நவம்பரில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ்’. காசு போட்டு ஆடும் விளையாட்டு. ஞாயிறன்று சண்டே மார்க்கெட்டுக்கு வருபவர்களில் சிலர், அப்படியே காந்தி வீதியில் வடக்கே நடந்து வந்து ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருபவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

சார், இது டிவியா? ஆன்டெனாவை எங்கே செருகுவது?

டிவி இல்லை. உள்ளே இருப்பது டிவியில் இருப்பது போன்ற பிக்சர் டியூப்தான். ஆனால் அதை ஓட்டும் விதமே வேறு. டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாக, பாய் முடைவதுபோல் திரை முழுவதையும் தடவும். நம் ஊர் டிவிக்கு 625 வரி. படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த 625 வரியையும் அது ஓடித்தான் தீர வேண்டும்.

இந்தப் பெட்டியில் வரியே கிடையாது. கற்றை கோலம் போடும் கையைப் போல வேலை செய்கிறது. எங்கே கோடு வேண்டுமோ அங்கே போய் இழுக்கும். கோடு இல்லாத இடத்தை அணைந்தபடியே தாண்டிப் போகும். இதற்குத்தான் வெக்டர் திரை என்று பெயர். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவை என்பதால், இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதுச்சேரியில் இது எப்படி வந்து சேர்ந்தது? நீங்கள் அமெரிக்காவில் இருந்தீர்களா?

நான் திண்டிவனத்தைத் தாண்டியது சொற்பம். இது ஒரு சொல்தா வீட்டுப் பொருள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவர்களை இங்கே சொல்தா என்போம். அந்த வீட்டு மகன் பிரான்சில் ஒரு காப்பிக்கடை நடத்தினார். கடையை மூடியபோது சாமான்களோடு சாமானாக இதையும் கப்பலில் ஏற்றிவிட்டார். வீட்டை இடித்துக் கட்டும்போது, “எடுத்துக்கொள்கிறீர்களா, விறகுக்குப் போடட்டுமா?” என்று கேட்டார்கள். எடுத்துக்கொண்டேன்.

எழுத்தெல்லாம் பிரெஞ்சில் வருகிறதே, மாற்றி எழுதினீர்களா?

இல்லை. பிறவியிலேயே இதற்கு நான்கு மொழி தெரியும்: ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ். சர்க்யூட் பலகையில் இருக்கும் குட்டிச் சுவிட்சுகளில் இரண்டைத் தள்ளினால் மொழி மாறும். காப்பிக்கடையில் எப்படி இருந்ததோ அப்படியே விட்டிருக்கிறேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் வந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார்கள். அந்த அழகுக்காகவே மாற்ற மனம் வரவில்லை.

ஜாய்ஸ்டிக்கையே காணோமே, எப்படி ஆடுவது?

ஐந்து பொத்தான்கள். இடப்பக்கம் திரும்ப ஒன்று, வலப்பக்கம் திரும்ப ஒன்று, சுட ஒன்று, முன்னே உந்த ஒன்று, ஹைப்பர்ஸ்பேஸ் என்ற ஆபத்பாந்தவன் ஒன்று. திரையின் நடுவில் இருக்கும் சிறு முக்கோணம் உங்கள் கப்பல். சுற்றிலும் மிதப்பவை விண்கற்கள். கல் உங்கள் மேல் படக் கூடாது. நீங்கள் கல்லை உடைக்க வேண்டும். பெரிய கல் இரண்டு நடுத்தரக் கல்லாக உடையும். நடுத்தரம் இரண்டு சிறு கல்லாகும். சிறு கல் அத்தோடு ஒழியும். எல்லாம் ஒழிந்தால் அடுத்த சுற்று.

முதல் சுற்றில் நான்கு பெரிய கற்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ஆறு, எட்டு, பத்து. அதற்குப் பிறகு எப்போதும் பதினொன்று. திரைக்கு விளிம்பு கிடையாது. வலப்புறம் வெளியேறினால் இடப்புறம் வருவீர்கள், மேலே போனால் கீழே வருவீர்கள். கல்லும் அப்படியே, குண்டும் அப்படியே.

பொத்தானை விட்ட பிறகும் கப்பல் வழுக்கிக்கொண்டே போகிறதே?

விண்வெளியில் பிரேக் கிடையாது, தம்பி. உந்தினால் வேகம் சேரும், விட்டால் சேர்ந்த வேகத்தில் மிதக்கும். நிற்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் மூக்கைத் திருப்பி உந்த வேண்டும். எண்ணெய் சிந்திய தரையில் நடப்பது போன்ற இந்த உணர்வுதான் விளையாட்டின் உயிர்.

உண்மையான விண்வெளி இதைவிடக் கொடுமையானது; அங்கே வேகம் தானாகக் குறையவே குறையாது. நிரல் எழுதிய எட் லாக் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறார். பொத்தானைத் தொடாமல் காத்திருந்தால் கப்பல் மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்கும். ஆனால் அதுவரை கல் காத்திருக்காது.

எதற்கு எத்தனை புள்ளி?

பெரிய கல் 20, நடுத்தரம் 50, சிறியது 100. இடையிடையே வந்து உங்களைச் சுடும் பறக்கும் தட்டுகளில் பெரியது 200, சிறியது 1,000. ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு கப்பல் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு பெரிய கல்லைத் துகளாக்க ஏழு குண்டுகள் வேண்டும். கிடைப்பது 520 புள்ளி. அப்படியானால் முதல் மூன்று சுற்றுகளின் பதினெட்டுக் கற்களுக்கும் சேர்த்து 9,360. நடுவே நான்கு பெரிய தட்டுகளை வீழ்த்தியிருந்தால் மூன்றாம் சுற்று முடிவதற்குள் முதல் கூடுதல் கப்பல் உங்கள் கையில். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவன் ஏழாம் வகுப்பு படிக்கும் எதிர்வீட்டுப் பையன். கணக்குப் பாடத்தில் அவன் வாங்கும் மதிப்பெண்ணை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

படபடவென்று அழுத்துகிறேன், சில நேரம் குண்டே வருவதில்லை. பொத்தான் கெட்டுவிட்டதா?

பொத்தானைத் திட்டாதீர்கள். உங்கள் குண்டுகள் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் திரையில் இருக்க முடியாது. நான்கும் பறந்துகொண்டிருக்கும்போது ஐந்தாவது கிடைக்காது. முந்தையவற்றில் ஒன்று எதிலாவது பட வேண்டும், அல்லது தன் தூரம் ஓடி மறைய வேண்டும். கிட்டே இருக்கும் கல்லைச் சுட்டால் குண்டு உடனே பட்டுத் திரும்பக் கிடைக்கும். தொலைவில் இருப்பதைக் குறி தவறிச் சுட்டால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரமாரியாகச் சுடுபவன் இதில் தேற மாட்டான்.

நினைவகத்தில் குண்டுக்கு நான்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். கல்லுக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. பிந்தைய சுற்றுகளில் திரை நிறைந்து கற்கள் இருபத்தாறை எட்டிவிட்டால், பெரிய கல்லைச் சுட்டாலும் அது இரண்டாகப் பிளக்காது. “அரைக் கல் எங்கே போனது?” என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

ஹைப்பர்ஸ்பேஸ் அழுத்தினால் போன இடத்தில் வெடித்துச் சாகிறேன். இது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். அது கப்பலை மறையச் செய்து, கண்ட இடத்தில் கொண்டுபோய் வைக்கும். வைக்கும் இடத்தில் கல் வந்து மோதலாம். கல் மோதாவிட்டாலும், சில தடவை வெளிவரும்போதே கப்பல் வெடிக்கும்படி நிரலே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே எல்லா வழியும் அடைபட்ட பிறகே அதைத் தொடுங்கள். புதிதாக வருபவர்கள் கல்லைக் கண்டதும் முதலில் தட்டுவது இதைத்தான். அவர்களுடைய ஆட்டம் முடிவதும் இதனால்தான்.

பின்னால் தும்… தும்… என்று ஒரு சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கர் கோளாறா?

இல்லை, அது விளையாட்டின் நாடித்துடிப்பு. இரண்டே சுரங்கள், மாறி மாறி. சுற்று தொடங்கும்போது நிதானமாக இருக்கும். போகப் போக முடுக்கும். ஆடுபவரின் தோள்பட்டை அதோடு சேர்ந்து இறுகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

இதில் ஒலிக்கென்று தனிச் சிப் கிடையாது. துடிப்பு, உந்துவிசையின் இரைச்சல், வெடிப்பு, தட்டின் ஊளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிறு சிறு மின்சுற்றுகள் அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு சத்தம் மட்டும் செத்துப்போய் மற்றவை ஒழுங்காகக் கேட்பதுண்டு. பழுது பார்ப்பவனுக்கு இது வரப்பிரசாதம். எது கேட்கவில்லையோ அந்த மூலையைத் தேடினால் போதும்.

யார் செய்தது இதை?

யோசனை லைல் ரெயின்ஸுடையது, நிரல் எட் லாக்குடையது, வன்பொருள் ஹோவர்ட் டெல்மனுடையது. மூவரும் அட்டாரிக்காரர்கள். கோடு வரையும் மின்சுற்று, சில மாதங்கள் முன்பு அவர்கள் வெளியிட்ட ‘லூனார் லேண்டர்’ என்ற விளையாட்டுக்காக உருவானது. காசு போடும் பெட்டிகளில் வெக்டர் திரையை முதலில் கொண்டுவந்தது அட்டாரி அல்ல. 1977இல் சினிமட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் வார்ஸ்’. அதற்கும் மூலம் 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிடிபி-1 கணினியில் எழுதப்பட்ட விளையாட்டு.

கல்லைவிடக் குண்டு மட்டும் ஏன் கண்ணைக் கூசுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் பதிலில் சொன்ன கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையை வேகமாக இழுத்தால் மாவு மெல்லிசாக விழும். ஒரே இடத்தில் நிறுத்தினால் குவியும். கற்றையும் அப்படித்தான். கல்லின் கோட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. குண்டு என்பதோ நீளமே இல்லாத கோடு: கற்றை அந்தப் புள்ளிக்குப் போய், முழு வெளிச்சத்தில் அங்கேயே நிற்கிறது. ஒளி அத்தனையும் ஊசிமுனையில் குவிகிறது.

விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். குண்டு கறுப்பில் ஒரு வெள்ளைப் பொறியாகச் சுடர்விடும். ஓடிய தடத்தில் ஒரு கணம் மங்கலான வால் தெரியும். அது திரையின் உட்பூச்சில் மிச்சமிருக்கும் ஒளி. கூர்ந்து பார்த்தால் கல்லின் ஒவ்வொரு முனையிலும் கோட்டைவிடச் சற்றுப் பிரகாசமான பொட்டு இருக்கும். கற்றை திசை திரும்ப எடுத்துக்கொள்ளும் நொடித்துளியின் அடையாளம் அது. இதை யாரும் திட்டமிட்டு வரையவில்லை. வன்பொருள் தானாக வைத்த கையெழுத்து.

இவ்வளவு பழைய சிப் எப்படி இத்தனை கோடுகளை வேகமாக வரைகிறது?

அது வரைவதே இல்லை. மூளையாக இருப்பது 6502 என்ற சிப், வேகம் ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கைபேசியோடு ஒப்பிட்டால் கட்டைவண்டி. மொத்த விளையாட்டும் 6 கிலோபைட்டில் அடங்கியது. உருவங்களுக்கு இன்னொரு 2 கிலோபைட். இப்போது நீங்கள் படிக்கும் இந்தப் பக்கமே அதைவிடப் பெரியது.

6502 ஒரு பட்டியல் மட்டும் எழுதும்: “இந்த இடத்துக்குப் போ, இந்த அளவில் இரண்டாம் வகைக் கல்லைப் போடு, அடுத்து அங்கே போ.” பக்கத்தில் இருக்கும் டிஜிட்டல் வெக்டர் ஜெனரேட்டர் என்ற தனி மின்சுற்று அந்தப் பட்டியலைப் படித்துக் கோடுகளை இழுக்கும். அது ஒரு பட்டியலை வரைந்துகொண்டிருக்கும்போதே 6502 அடுத்த பட்டியலை வேறு இடத்தில் தயார் செய்யும். மேஸ்திரியும் கொத்தனாரும் போல. கல்லில் நான்கே வடிவங்கள்தான். பெரியது, நடுத்தரம், சிறியது எல்லாம் அதே வடிவத்தை வேறு வேறு அளவில் வரைவது. அதனால்தான் 2 கிலோபைட் போதுமாகிறது.

கோட்டின் இடத்தைக் குறிக்கப் பக்கவாட்டில் 1024 படிகள், உயரத்தில் கண்ணுக்குத் தெரிவது சுமார் 768 படிகள். அந்தக் காலத்து டிவி வகை விளையாட்டுகளில் பாதிகூட இருக்காது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப் இரண்டு, கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று. அவை போனால் மாற்று தேடி அலைய வேண்டும், விலையும் பயமுறுத்தும்.

கணினியில் இலவசமாக ஆடுகிறேன். அதே விளையாட்டுத்தானே? இதில் என்ன பெரிய விசேஷம்?

விதிகள் அதேதான். பழைய எந்திரத்தைப் போலவே கணினியை நடிக்கவைக்கும் மேம் போன்ற மென்பொருள்களில் ஓடுவது உள்ளே இருக்கும் அதே நிரல். புள்ளி மாறாது, கல் மாறாது. பயிற்சிக்கு அதுவே போதும். நானே மகனின் கணினியில் பழகிவிட்டுத்தான் இங்கே ஆடுகிறேன்.

மாறுவது ஒளி. தட்டைத் திரை சிறு கட்டங்களால் ஆனது. சாய்கோடு அதில் படிக்கட்டாகும். படிக்கட்டை மறைக்க மென்பொருள் விளிம்பை மழுக்கும். மேலே சொன்ன குண்டின் சுடரை அதனால் தர முடியாது. திரையின் வெள்ளைக்கு ஓர் எல்லை உண்டு. கல்லும் குண்டும் அந்த ஒரே வெள்ளைக்குள் அடங்க வேண்டும். குண்டு எங்கே என்று கணினியில் தேடிப் பார்க்கிறேன். இங்கே தேட வேண்டியதில்லை, அதுவே கண்ணைக் குத்தும். ஆகவே ஆட்டமும் கொஞ்சம் மாறிவிடுகிறது என்பது என் கட்சி. மகன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு கல்லை மட்டும் விட்டுவைத்துவிட்டுப் பறக்கும் தட்டுகளைச் சுட்டுக்கொண்டே இருக்கலாமாமே?

யாரோ காதில் ஓதிவிட்டார்கள் போல. உண்மைதான். எல்லாக் கல்லையும் உடைத்தால் அடுத்த சுற்று வந்துவிடும். ஒன்றை விட்டுவைத்தால் வராது. தட்டுகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பெரிய தட்டு குருட்டாம்போக்கில் சுடும். சிறிய தட்டு குறிபார்த்துச் சுடும், ஆனால் தலைக்கு 1,000. ஒரு பெரிய கல்லை ஏழு குண்டில் பொடியாக்கினாலும் 520தானே என்ற மேற்படிக் கணக்கைப் பார்த்தால் எது லாபம் என்று தெரியும். 40,000 புள்ளியைத் தாண்டிவிட்டால் வருவதெல்லாம் சிறிய தட்டுத்தான்.

நுணுக்கம் இதுதான்: திரையின் ஓரத்தை ஒட்டி நில்லுங்கள். எதிர் ஓரத்தில் தட்டு தலைகாட்டினால், உங்கள் முதுகுப்பக்க விளிம்பு வழியாகச் சுடுங்கள். குண்டு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து விழும். தட்டுக்கு அந்தக் குறுக்குவழி தெரியாது. அது திரையின் குறுக்கே, நீண்ட வழியில்தான் உங்களைக் குறிபார்க்கும். அட்டாரிக்காரர்கள் நொந்துபோய் 1981இல் வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ் டீலக்ஸ்’ பதிப்பில் தட்டுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இங்கே இருப்பது பழைய பதிப்பு, அனுபவியுங்கள். ஆனால் வரிசையில் நான்கு பேர் காத்திருக்கும்போது இதைச் செய்பவரை எழுப்பிவிடுவேன்.

99,990 வரை போனேன், அடுத்த கல்லில் சுழியமாகிவிட்டது. எந்திரம் ஏமாற்றுகிறதா?

ஐந்து இலக்கத்துக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. வண்டியின் மீட்டர் சுற்றிக்கொள்வதுபோல் சுற்றிவிட்டது. எத்தனை முறை சுற்றியது என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

1982 நவம்பரில் ஸ்காட் சஃப்ரான் என்ற பையன் 4,13,36,440 புள்ளி எடுத்தான். அதை முறியடிக்க 2010 ஏப்ரல் வரை ஆனது: ஜான் மெக்அலிஸ்டர், 4,18,38,740 புள்ளி, ஒரே ஆட்டமாக 58 மணி நேரம். மீட்டர் 418 முறை சுற்றியிருக்கிறது! சாப்பிட, கண்ணயர என்ன செய்திருப்பார் என்றால், சேர்த்துவைத்த கப்பல்களைச் சாகவிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். கப்பலை அளவுக்கு மீறிச் சேர்ப்பதும் ஆபத்து. ஐம்பது, நூறு என்று குவிந்தால் அத்தனையையும் திரையில் வரைவதிலேயே எந்திரம் மூச்சுவாங்கி மந்தமாகும். 250ஐத் தாண்டினால் ஆட்டமே கையைவிட்டுப் போகலாம்.

வெளிநாட்டு எந்திரம் ஆயிற்றே, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வேகம் குறையாதா?

குறையாது. பலகையில் 12.096 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. காலக்கணக்கு முழுவதும் அதிலிருந்து வருகிறது, சுவரிலிருந்து அல்ல. 12.096ஐ எட்டால் வகுத்தால் 6502இன் வேகம் கிடைக்கும். பிரான்சிலும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் இந்தப் பெட்டிக்கு அந்தக் கவலையும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால், நேராக 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் எந்த மின்னழுத்தத்துக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

திரையின் நடுவில் எப்போதும் ஒரு மங்கல் பொட்டு தெரிகிறதே?

அது என் முட்டாள்தனத்தின் நினைவுச்சின்னம். டிவியில் வரியோட்டம் நின்றால் திரை கறுத்துவிடும். காரணம், டியூபுக்கான உயர் மின்னழுத்தமே வரியோட்டச் சுற்றிலிருந்துதான் கிடைக்கிறது. வெக்டர் திரையில் வரியோட்டம் இல்லையே. ஆகவே எலக்ட்ரோஹோம் ஜி05 என்ற இந்த 19 அங்குல மானிட்டரில் உயர் மின்னழுத்தத்துக்குத் தனி அலையியற்றி வைத்திருக்கிறார்கள். கற்றையை அசைக்கும் சுற்று செத்தாலும் கற்றை சாகாது. நட்ட நடுவில் நின்று பூச்சைச் சுட்டுவிடும்.

இதைத் தடுக்க ஒரு காவல் சுற்று உண்டு. அசைவு நின்றதும் கற்றையை அணைத்து, பலகையில் ஒரு சிவப்பு விளக்கை ஏற்றும். என் பெட்டியில் முன்பு கைவைத்த யாரோ அந்தக் காவலைத் துண்டித்துவிட்டிருந்தார்கள். நான் அது தெரியாமல் முதல் நாள் மின்சாரம் கொடுத்தேன். நடுவில் ஒரு பொட்டு, நீலவெள்ளையாக, சூரியனைப் போல. “அடடா, டியூப் உயிரோடு இருக்கிறதே!” என்று மகிழ்ந்து நின்ற சில நொடிகளில் தழும்பு விழுந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும்போது கப்பல் சரியாக அந்தத் தழும்பின் மேல்தான் வந்து நிற்கும். கீழே 1979 என்று மங்கலாகத் தெரிவது வேறு. அது காப்பிக்கடையில் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் எரிந்த எழுத்தின் சுவடு.

எங்களுக்கும் இப்படி ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. படம் நெளிகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் கையைப் பாருங்கள். டியூபில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். டியூபை மின்னிறக்கம் செய்யத் தெரியாவிட்டால் மானிட்டர் பக்கம் போகவே வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நெளிவுக்குப் பெரும்பாலும் காரணம், அடியில் இருக்கும் மின்வழங்கியில் நிற்கும் பருத்த நீலக் கண்டன்சர். இருபதாயிரம் மைக்ரோஃபாரடுக்கும் மேல். நாற்பது ஆண்டில் வறண்டுபோகும். வறண்டால் 5 வோல்ட் நேர்கோடாக இல்லாமல் அலையும், படமும் தண்ணீரில் தெரிவதுபோல் ஆடும்.

அடுத்தது நம் ஊர்ச் சிறப்பு: உப்புக்காற்று. பலகையின் விளிம்பில் இருக்கும் செப்புப் பட்டைகளும் அதைக் கவ்வும் இணைப்பியும் கடலோரத்தில் பச்சை பூத்துவிடும். கடலூர், புதுச்சேரி, மரக்காணம் எங்கே இருந்தாலும் சரி, சிப்பைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைச் சந்தேகியுங்கள். எழுதுகோல் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்ததிலேயே என் பெட்டி பாதி குணமானது. இன்னொன்று: தரையோடு வைக்காதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டி நான்கு செங்கல் மேல் நின்றதால் பிழைத்தது. காசுக் கதவுக்கு உள்ளே சோதனைச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் அதைத் தள்ளிச் சோதனைப் படத்தைச் சரிபாருங்கள்.

டியூப் போய்விட்டால் பழைய கறுப்பு வெள்ளை டிவியிலிருந்து எடுத்துப் போடலாமா?

அளவும் கழுத்தின் பருமனும் கற்றை விலகும் கோணமும் பொருந்தினால் போடலாம். ஆனால் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக்கை, அதாவது கற்றையைத் திசைதிருப்பும் கம்பிச்சுருளை, மாற்றாதீர்கள். டிவி யோக் ஒரே தாளத்தில் ஆடப் பழகியது. வெக்டர் யோக் கணத்துக்குக் கணம் திசை மாற வேண்டியது, சுருளே வேறு வகை. பழைய யோக்கைக் கழற்றிப் புது டியூபில் மாட்டுங்கள்.

நாங்கள் கடலூர், பொறியியல் மாணவர்கள். பெட்டி இல்லாமல் இந்த ஒளியைப் பார்க்க வழி உண்டா?

உண்டு, உங்கள் ஆய்வகத்திலேயே. மின்னலையைத் திரையில் காட்டும் பழைய டியூப் வகை ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலைக்கு மாற்றுங்கள். முதலாண்டில் லிசாஜு உருவம் பார்த்த அதே நிலைதான். இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினிப் பலகையில் எண்ணை மின்னழுத்தமாக்கும் வெளியீடு இரண்டு இருக்கிறது. ஒன்றை எக்ஸுக்கும் மற்றதை ஒய்க்கும் கொடுத்து முக்கோணம் வரையுங்கள். அவை எட்டு பிட் என்பதால் 256 படிதான். அட்டாரியின் 1024இல் கால்வாசி. தொடக்கத்துக்குப் போதும்.

ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இடையில் மங்கலாக ஒரு வால் தெரியும். ஆசிலோஸ்கோப்பின் பின்புறம் இசட் உள்ளீடு இருந்தால் அதன்மூலம் கற்றையை அணைக்கலாம். தட்டைத் திரை கொண்ட புதுக்கருவி வேண்டாம். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழையதைக் கேளுங்கள். ஆய்வக உதவியாளர் மகிழ்ச்சியாகவே எடுத்துத் தருவார்.

நேற்று முதலிடத்தில் என் பெயர் இருந்தது. இன்று வந்தால் காணோம். அழித்துவிட்டீர்களா?

நான் அழிக்கவில்லை. முதல் பத்து இடங்களை எந்திரம் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அத்தனையும் மறந்துவிடும். டீலக்ஸ் பதிப்பில் மட்டும் முதல் மூன்று இடங்களைச் சேமிக்க வழி செய்தார்கள். இதில் இல்லை. இரவெல்லாம் ஓடவிட்டால் மேற்படி தழும்புகளோடு இன்னொன்று சேரும். அப்படியே விட்டாலும், ஐப்பசி கார்த்திகையில் இந்தத் தெருவில் மின்சாரம் நிற்காத இரவு எது?

ஆகவே கடை ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைக்கிறேன். எந்திரம் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் தருகிறது. திருப்பும் பொத்தானால் எழுத்தைத் தேடி, ஹைப்பர்ஸ்பேஸ் பொத்தானால் பதிய வேண்டும். மூன்றில் முதலாவது அப்பாவின் தலைப்பெழுத்தா, அம்மாவினுடையதா என்று அண்ணன் தங்கை இருவர் என் கடையில் சண்டையே போட்டார்கள். பின்னட்டையில் தமிழில், முழுப்பெயராக, இருவர் தலைப்பெழுத்தோடும் எழுதிக்கொடுத்தேன். தங்கைக்கு 31,240. அண்ணனுக்கு 18,700.